பல்லூடகமும் ஊடாட்டமும்

‘பல்லூடகம்’, ‘ஊடாட்டம்’ என்னும் இரு சொற்களும் இன்று பாடநூல்களிலும் பத்திரிகைகளிலும் இணைபிரியாது வழங்குகின்றன. ஒன்றைச் சொன்னால் மற்றொன்றும் அதனுள் அடங்கிவிடும் என்பது போலவே பலரும் அவற்றைக் கையாளுகின்றனர். உண்மையில் அவை வெவ்வேறு பொருள் குறித்தன. எழுத்து, படம், ஒலி, இயங்குபடம் முதலியவற்றுட் பல ஒரே கருவியின் வழியாக ஒருங்கே வந்து சேர்வது பல்லூடகம். கருவி தன்னைக் கையாள்வோனின் செயலுக்கேற்பத் தன் அடுத்த செயலை மாற்றிக்கொள்வது ஊடாட்டம். முன்னது கண்ணுக்கும் செவிக்கும் இடப்படும் விருந்து. பின்னது ஓர் உரையாடல். உரையாடல் எனின், அதில் வினவுவோர் யார், விடை பகர்வோர் யார் என்ற கேள்வி உடனே எழும். கடைச் செயலி, விளையாட்டுச் செயலி, கல்விச் செயலி ஆகியவற்றின் நன்மை தீமைகளை அளந்தறிய விரும்புவோர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி அதுவேயாகும்.

தமிழ் கற்றோர் பல்லூடகம் என்றதும் இயல், இசை, நாடகம் என்னும் முத்தமிழை நினைத்தல் இயல்பு. அந்நினைவு பிழையன்று. சொல்லும் பண்ணும் மெய்ப்பாடும் ஒன்றுகூடிய கலைவடிவம் தமிழர்க்குப் புதிதன்று என்பதற்கு ஈழத்தின் கீழ்க்கரைக் கூத்துக்களே சான்று. வட்டக்களரியில் அண்ணாவியாரின் மத்தளமும், பிற்பாட்டுக்காரரின் குரலும், தாளத்துக்கேற்ற ஆட்டமும், விளக்கொளியில் மின்னும் உடுப்பும் முடியும் ஒன்றுசேர்ந்து விடியும்வரை பார்ப்போரைக் கட்டி வைத்தன. இஃது ஐயமற்ற பல்லூடகமே. ஊடாட்டமோ எனின், அன்று. அரிச்சந்திரன் சுடலை காக்கச் செல்வதைத் தடுத்து நிறுத்தச் சபையிலிருந்த எவர்க்கும் இயலவில்லை. எத்தனை ஊரில் எத்தனை முறை ஆடப்பட்டாலும் அவன் சென்றே தீர்வான். சபையோர் ஆரவாரித்தால் அண்ணாவியார் ஒரு பாட்டை மீட்டும் பாடச் செய்வார். பார்ப்போர் கூத்திற் செய்யக்கூடிய மாற்றம் அவ்வளவே. அச்சிறு மாற்றத்தைப் பன்மடங்கு பெருக்கிக் கதையின் போக்கையே பார்ப்போன் கையில் ஒப்படைத்தால் எதுவாகுமோ அதுவே இன்றைய கணினி விளையாட்டு.

படமும் பாட்டும் எழுத்தும் ஒரே கருவிக்குள் அடங்கியமைக்குக் காரணம், அவையாவும் எண்களாக மாற்றப்பட்டமையே. முன்னர் எழுத்துத் தாளிலும், பாட்டு இசைத்தட்டின் பள்ளக் கோட்டிலும், படம் வெள்ளியுப்புப் பூசிய சுருளிலும் கிடந்தன. ஒன்றைக் காட்டும் கருவி மற்றொன்றைக் காட்டாது. கணினியோ எண்ணைத் தவிர வேறொன்றையும் அறியாதது. ஒலியலையின் உயரத்தைச் செக்கனுக்கு 44,100 முறை அளந்து, அவ்வளவுகளை வரிசையாக எழுதிவைத்தால் பாட்டு எண்ணாகிவிடும். மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையே கேட்கும்; ஓர் அதிர்வை உருக்குலையாது பதிய அதன் இருமடங்குக்கு மேலான அளவைகள் வேண்டும்; ஆதலின் அவ்வெண் தெரியப்பட்டது. படத்தைச் சிறு புள்ளிகளாக வகுத்து ஒவ்வொரு புள்ளியிலும் செம்மை, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவைக் குறித்தால் படமும் எண்ணாகும். எழுத்துக்கு வரிசையெண் கொடுத்தால் எழுத்தும் அவ்வாறே.

இங்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தல் தகும். இன்று சாதாரணமாக வழங்கும் தெளிவான திரையொன்றில் அகலத்தில் 1,920 புள்ளிகளும் உயரத்தில் 1,080 புள்ளிகளும் உள. மொத்தம் 2,073,600. புள்ளிக்கு மூன்று பைட்டு வீதம் ஒரு படத்துக்கு 6,220,800 பைட்டு. இயங்குபடமாயின் செக்கனுக்கு 25 படம் வேண்டும். ஆகவே செக்கனுக்கு 155 மில்லியன் பைட்டுக்கு மேலாகும். இத்துணைப் பெருவெள்ளம் எந்தக் கைத்தொலைபேசிக்கும் வந்து சேராது. ஆயினும் படம் வருகின்றது. எங்ஙனம்? வேண்டாதவற்றைக் கழிக்கும் உபாயத்தினாலாம். மனிதக் கண் ஒளியின் ஏற்றத்தாழ்வை நுணுக்கமாய்க் காணும். நிறத்தின் நுண் வேறுபாட்டை அத்துணைக் காணாது. 1992ஆம் ஆண்டு நிலைபெற்ற ‘ஜேபெக்’ என்னும் பட ஒழுங்கு அக்குறையைப் பயன்படுத்தியே படத்தைச் சுருக்குகின்றது. இயங்குபடத்திலோ இன்னுமொரு வாய்ப்பு உண்டு. பச்சை வயலின் மேலே ஒரு கொக்குப் பறக்குமாயின், அடுத்தடுத்த படங்களில் வயல் மாறுவதில்லை. கொக்கு மட்டுமே இடம் மாறுகின்றது. மாறிய பகுதியை மட்டும் அனுப்பினாற் போதும். இவ்வாறு சுருக்கப்பட்ட படம் மூல அளவின் நூறில் ஒரு பங்கினும் குறைவாகவே பயணஞ் செய்கின்றது. பார்ப்போன் எதனைக் காணமாட்டான் என்பதை அறிந்து அதனை விட்டுவிடுவதிலேதான் பல்லூடகத்தின் தொழில்நுட்பம் பெரிதும் தங்கியுளது.

ஊடாட்டத்தின் வரலாறு வேறு. முற்காலக் கணினிகளிற் பெரும்பாலானவை வேலையை ஒருமுறை பெற்றுக்கொண்டு, மணிக்கணக்கில் உழைத்து, விடையை அச்சிட்டுத் தந்து ஒழிந்தன. இடையில் மனிதன் குறுக்கிட இடமில்லை. 1963ஆம் ஆண்டில் ஐவன் சதலாந்து என்பார் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஒளிப்பேனாவாற் கணினித் திரையிலேயே கோடு வரைந்து, வரைந்த கோட்டைப் பிடித்து இழுத்துத் திருத்தும் முறையைச் செய்து காட்டினார். 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் ஏங்கல்பாட் சுட்டியை அசைத்துத் திரையில் எழுத்தைத் திருத்தியும், ஒரு சொல்லிலிருந்து மற்றொரு பக்கத்துக்குத் தாவியும், தொலைவில் இருந்தாரொருவரின் முகத்தைத் திரையிற் கண்டு பேசியும் அறிஞர் கூட்டத்தை வியப்பில் ஆழ்த்தினார். அன்று முதல் கணினி, காத்திருக்கக் கற்றுக்கொண்ட கருவியாயிற்று. இன்றைய செயலி தன் வாழ்நாளின் மிகப் பெரும் பகுதியை, விரல் எப்போது படும் என்று எதிர்பார்த்திருப்பதிலேயே கழிக்கின்றது.

காத்திருத்தல் கருவிக்கு எளிது, மனிதனுக்கு அரிது. அதே 1968ஆம் ஆண்டில் ரொபட் மில்லர் என்பார் மனிதனின் பொறுமையை ஆராய்ந்து எழுதினார். பத்தில் ஒரு செக்கனுக்குள் மறுமொழி வருமாயின், தன் கையே அச்செயலைச் செய்ததென மனிதன் உணர்வான். ஒரு செக்கனுக்குள் வந்தால் எண்ணத்தின் தொடர்ச்சி அறாது. பத்துச் செக்கன் கடந்தால் மனம் வேறிடஞ் சென்றுவிடும். இவ்வெல்லைகள் அரை நூற்றாண்டு கடந்தும் மாறவில்லை. கருவிகள் மாறின, நரம்பு மாறவில்லை.

இவ்விடத்திற் கொட்டியாரக் குடாவின் தென்புறத்தில் மூதூர்ப் பகுதியிலுள்ள தோப்பூரை எடுத்துக்கொள்வோமாயின் விடயம் தெளிவாகும். வயலும் தோப்பும் சூழ்ந்த அவ்வூருக்கும் திருகோணமலை நகருக்கும் இடையே குடா கிடக்கின்றது. மூதூர் இறங்குதுறையிலிருந்து இயந்திரப் படகேறுதல் ஒரு வழி. கரையோரமாய்ச் சுற்றி, ஆற்று முகங்களில் மிதவைப் பாதைக்குக் காத்துநின்று கடத்தல் மற்றொரு வழி. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, அதன் பின்வந்த ஆண்டுகளில் ஏனைய ஆற்றுமுகங்களிலும் பாலங்கள் அமைந்த பின்னரே சக்கரம் நிற்காது நகர் சேரும் நிலை உண்டாயிற்று. பாதைக்குக் காத்திருந்த தலைமுறையினர் இன்றும் உளர். ‘மறுமொழிக் காலம்’ என்பதன் பொருளை அவர்கட்கு விளக்கத் தேவையில்லை.

இலத்திரனியற் செய்திக்கும் பாதையுண்டு, பாலமுண்டு. திருகோணமலையோடு தொடர்புடைய ஒரு பெயரை இவ்விடத்துக் கூறாது விடலாகாது. 1956ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து குடியமர்ந்த ஆதர் சி. கிளாக், சுவாமிமலையின் அடியிற் கடலுள் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களும் கற்களும் நீரடியிற் கிடப்பதைக் கண்டவருள் ஒருவர். தம் அனுபவத்தை அடுத்த ஆண்டே நூலாக்கினார். அவரே 1945இல், பூமியோடு ஒத்துச் சுழலும் செய்மதிகள் மூன்றினால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என எழுதியவர். அவர் கருத்து நிறைவேறிற்று. தொலைக்காட்சி அவ்வழியாகவே கண்டம் கடந்தது. ஆயின் அச்செய்மதி நிற்கும் உயரம் 35,786 கிலோமீற்றர். கேள்வி ஏறி இறங்கவும் விடை ஏறி இறங்கவும் நான்கு முறை அத்தொலைவைக் கடத்தல் வேண்டும். மொத்தம் 143,000 கிலோமீற்றருக்கு மேல். ஒளியின் வேகத்திற் சென்றாலும் ஏறத்தாழ அரைச் செக்கன் கழியும். மில்லர் வகுத்த முதலெல்லை அங்கேயே தகர்ந்துவிடும். படம் காட்டுதற்கு அச்செய்மதி மிகச் சிறந்தது. பந்தாட்டம் ஆடுதற்கு ஆகாது. பல்லூடகம் வேறு, ஊடாட்டம் வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

கடலடி ஒளியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் 2,700 கிலோமீற்றர் அளவினதாகலின், போய் மீள நூறில் மூன்று பங்கு செக்கனே போதும். இழை வளைந்து செல்வதாற் சிறிது கூடும். 2025ஆம் ஆண்டு இலங்கையிற் சேவை தொடங்கிய ‘ஸ்டார்லிங்க்’ செய்மதிகளோ 550 கிலோமீற்றர் உயரத்தளவில் இயங்குவன. ஆதலின் கிளாக் கருதிய செய்மதிக்கிருந்த தாமதம் அவற்றுக்கில்லை. உயரம் குறைந்தமையாற் செய்மதியின் எண்ணிக்கை மூன்றிலிருந்து ஆயிரக்கணக்காயிற்று என்பது வேறு கதை.

தொலைவு இவ்வாறு சுருங்கியபின் எஞ்சியிருப்பது கையும் கண்ணாடியும். கைத்தொலைபேசியின் கண்ணாடிக்கடியில் கண்ணுக்குத் தெரியாத மென்மையான கடத்திகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் அணுகும்போது அவ்விடத்து மின்கொள்ளளவம் மாறும். மாறிய இடத்தைக் கருவி கணித்துக்கொள்ளும். மனித உடல் மின்னைக் கடத்துவதாகலின் இஃது இயலுகின்றது. நகத்தின் நுனியால் தட்டினாலும், தடித்த கையுறையோடு தொட்டாலும் கருவி வாளாவிருக்கும். நீரும் மின்னைக் கடத்தும். வயலில் நாற்று நட்டு ஈரக் கையோடு வருபவர் தொட்டால் தொடாத இடமும் தொட்டதாகத் தோன்றும். கருவி அமைப்போர் கற்பனை செய்த கை உலர்ந்த கை.

இனி வணிகத்தை நோக்குவோம். இணையவழிக் கடை மிக அண்மைக் காலத்தது என்று எண்ணுவார் பலர். 1984ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தின் கேற்ஸ்கெட் நகரில் 72 அகவை மூதாட்டியொருவர் தம் வீட்டுத் தொலைக்காட்சியில் தொலைபேசிக் கம்பி வழியாகத் தோன்றிய பட்டியலைப் பார்த்து, அருகிலிருந்த பல்பொருட் கடையிலிருந்து மாஜரீன், சோளப்பொரி, முட்டை ஆகியவற்றை வருவித்தார். பொருள் வீடு வந்து சேர்ந்தபோதே காசு கொடுத்தார். நான்கு பத்தாண்டு கழித்தும் இலங்கைக் கிராமங்களில் ‘பொருள் கைக்கு வந்தபின் பணம்’ என்னும் முறை விரும்பப்படுவதைக் காண்போர், காலம் மாறினும் மனித மனம் ஐயத்தை எளிதில் விடாது என்பதை உணர்வர்.

இலங்கையில் இத்துறையில் முந்தியது ‘கப்புறுக’ என்னும் நிறுவனம். 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிற் தொடங்கிய அது, கடல் கடந்து வாழ்வோர் தாய்நாட்டிலுள்ள உறவினர்க்குப் பரிசுப்பொருள் அனுப்பும் வாயிலாகப் பெயர் பெற்றது. சிங்களத்தில் அச்சொல்லின் பொருள் கற்பகதரு. 2016இல் ‘தராஸ்’ நிறுவனம் இலங்கைக்கு வந்தது; 2018இல் அதனைச் சீனத்து அலிபாபா வாங்கிற்று. கற்பகதரு என்ற பெயர் பொருத்தமானதே. ஆனால் ஒரு வேறுபாடு உளது. புராணத்துக் கற்பகதரு நிழலில் நின்றவன் வேண்டியதை மட்டும் தந்தது. அவன் எதனை வேண்டுவான் என்று அது கணக்கெடுக்கவில்லை.

தோப்பூர்க் கடையொன்றில் சேலை வாங்குவோர் முந்தானையை விரலிடுக்கிற் கசக்கிப் பார்ப்பர், வெளிச்சத்திற் பிடித்துச் சாயத்தை நோக்குவர், விலை கேட்பர், குறைக்கச் சொல்வர், கடைக்காரர் தாமும் ஒரு கதை சொல்வார். இருவரும் வினவுவர், இருவரும் விடையிறுப்பர். செயலியிலோ தொடுதலுக்கு ஈடாகப் படம் பெருக்கிக் காட்டப்படுகின்றது. பல கோணத்துப் படங்களும் இயங்குபடமும் வருகின்றன. முன் வாங்கியோர் இட்ட நட்சத்திரங்கள் அயலார் சொல்லுக்கு ஈடாகின்றன. பல்லூடகம் நிறைந்திருக்கின்றது. பேரம் மட்டும் மறைந்தது. வாங்குவோர் வாய்திறந்து கேட்கக் கூடியவை மிகச் சிலவே. அவர் வாய் திறவாமலே செயலி அவரிடம் கேட்டறிந்துகொள்பவையோ பல. எந்தப் படத்தில் விரல் எத்தனை செக்கன் தங்கிற்று, எதனைப் பெருக்கிப் பார்த்தார், எதனைக் கூடையிலிட்டுப் பின் எடுத்தார், இரவு எத்தனை மணிக்கு மனம் இளகுகின்றது என்பனவெல்லாம் விடைகளாகவே பதியப்படுகின்றன. இவ்விடைகளை வைத்து ‘இதனை வாங்கியோர் அதனையும் வாங்கினர்’ எனக் காட்டும் முறையை அமேசன் நிறுவனம் 1998 முதற் பெருமளவிற் கையாண்டது. ஒரு பொத்தானைச் சிவப்பாக்கிப் பாதிப்பேருக்கும், பச்சையாக்கி மற்றைப் பாதிப்பேருக்கும் காட்டி, எந்நிறம் அதிகம் விற்கின்றது எனச் சோதிப்பதும் நாள்தோறும் நடைபெறுவது. சோதிக்கப்படுவோர் அதனை அறியார்.

இதிற் குற்றம் யாது என வினவலாம். நல்ல கடைக்காரரும் வாடிக்கையாளரின் விருப்பத்தை நினைவில் வைத்திருப்பாரன்றோ? உண்மை. ஆனால் அவர் நினைவில் வைத்திருப்பதை வாடிக்கையாளரும் அறிவார். கடைக்காரரைப் பற்றி அவரும் சிலவற்றை நினைவில் வைத்திருப்பார். செயலியில் அறிவு ஒரு பக்கமே குவிகின்றது. ‘இன்னும் இரண்டே எஞ்சியுள்ளன’, ‘சலுகை முடியப் பத்து நிமிடம்’ என ஓடும் கடிகாரத்தைக் காண்போர்க்கு அக்கூற்று மெய்யோ என்று கேட்டறிய வாயிலில்லை. சட்டம் சிறிது துணை செய்கின்றது. திரையிற் தட்டிச் செய்த உடன்படிக்கையும் உடன்படிக்கையே என்பதை இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல்வாங்கற் சட்டம் நிலைநாட்டிற்று. ஒருவரைப் பற்றிய தரவு அவர்க்கு உரிமையுடையதெனும் கொள்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. முன்னது விற்போனுக்கும் வாங்குவோனுக்கும் ஒருங்கே பயன்படுவது. பின்னது தன் தரவைப் பற்றிக் கேள்வி கேட்கத் துணிந்தவனுக்கே பயன்படும்.

விளையாட்டில் நிலைமை மாறுகின்றது. 1962இல் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்து மாணவர் சிலர் இரு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும் ‘ஸ்பேஸ்வார்’ என்னும் விளையாட்டை ஆக்கினர். 1972இல் ‘பொங்’ வந்தது. இரண்டு கோடுகளும் ஒரு புள்ளியும், அவ்வளவே. பல்லூடகம் என்று சொல்லத்தக்கது அதில் ஏதுமில்லை. ஊடாட்டமோ முழுமையாக இருந்தது. மக்கள் காசு போட்டு விளையாடினர். படத்தின் அழகு விளையாட்டுக்கு அணியே அன்றி உயிரன்று என்பதற்கு இஃதொன்றே போதுமான சான்று. பல்லாங்குழியும் தாயமும் அறிந்த தமிழர்க்கு இது வியப்பளிக்காது.

தமிழ்மொழியோடு நேரே தொடர்புடைய எடுத்துக்காட்டு ஒன்று அண்மையில் உலகின் கவனத்தைப் பெற்றது. கனடாவின் ரொறன்ரோ நகரில் ‘விசை கேம்ஸ்’ என்னும் சிறு குழுவினர் ஆக்கி 2023 ஜூலை 31இல் வெளியிட்ட ‘வெண்பா’ என்னும் விளையாட்டே அது. யாப்பின் பெயரைத் தாங்கிய வெண்பா அதன் கதைத்தலைவி. 1980ஆம் ஆண்டுகளிற் தமிழ்நாட்டிலிருந்து கணவனோடு கனடாவுக்குச் சென்ற அவள், அங்குப் பிறந்த மகன் கவினை வளர்க்கின்றாள். தாய் தந்த சமையற் குறிப்பேடு பழுதடைந்து, பல இடங்களில் எழுத்து அழிந்து போயிற்று. அழிந்த படியைச் சமைத்துப் பார்த்தே கண்டுபிடித்தல் வேண்டும். இட்லித் தட்டுக்களை எவ்வாறு அடுக்கினால் ஆவி எல்லாவற்றையும் சென்றடையும் என்பதை விளையாடுவோர் தாமே திருப்பி வைத்துப் பார்த்து அறிகின்றனர். தவறினால் தண்டனையில்லை, மீண்டும் அடுக்கலாம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் அவ்விளையாட்டுக்குப் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகம் 2024இல் சிறந்த முதல் விளையாட்டுக்குரிய விருதை அளித்தது.

இவ்விளையாட்டிற் கவனிக்கத்தக்கது யாதெனின், இதே கதையைத் திரைப்படமாக எடுத்திருந்தால் பார்ப்போர் தாயின் துயரைக் கண்டு இரங்கியிருப்பர், அதற்கு மேலில்லை. விளையாட்டாக அமைந்தமையால், குறிப்பேட்டின் அழிந்த எழுத்தை நோக்கித் திகைக்கும் திகைப்பு விளையாடுவோரின் திகைப்பாகவே ஆகின்றது. வளர்ந்த மகன், சரளமாக வாசிக்க இயலாத தமிழ்க் குறிப்பை வைத்துக்கொண்டு தாயின் உணவைச் சமைக்க முயலும் பகுதியில் அத்திகைப்பு மேலும் கூர்மையடைகின்றது. மொழியை இழத்தல் என்பது என்ன என்று புலம்பெயர்ந்தோர் பலர் மேடையிற் பேசியுள்ளனர். கையைத் தடுமாறச் செய்து அதனை உணர்த்தியவர் மிகச் சிலர். இங்கு வினவுவது கருவி. ஆனால் அதன் வினா மறைந்திருந்து கேட்கும் வினாவன்று. விளையாடுவோர் முன் வெளிப்படையாக வைக்கப்பட்ட புதிர்.

எல்லா விளையாட்டும் இவ்வாறில்லை. காசு கொடுத்துத் திறந்தாலன்றி உள்ளே யாது உளதெனத் தெரியாத ‘பரிசுப் பெட்டி’களை விற்கும் விளையாட்டுக்கள் பல. பரிசு எப்போது வரும் எனத் தெரியாதபோதே உயிர்கள் ஓயாது முயலும் என்பதை ஸ்கின்னர் முதலிய உளவியலார் புறாக்களை வைத்துச் சோதித்து 1950ஆம் ஆண்டுகளிலேயே விரிவாக எழுதினர். அவ்வறிவு இன்று வணிகமாயிற்று. அத்தகைய பெட்டிகள் சில சூதாட்டமே எனப் பெல்ஜியம் 2018இல் முடிவு செய்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினொராவது நோய்ப் பட்டியல் 2019இல் ஏற்கப்பட்டபோது, வாழ்வின் பிற கடமைகளை விழுங்கிவிடும் விளையாட்டுப் பழக்கம் ஒரு கோளாறாக அதில் இடம்பெற்றது. நளனும் தருமனும் சூதில் இழந்த கதையை அறிந்த சமுதாயத்துக்கு இதிற் புதியது ஒன்றே. புட்கரனும் சகுனியும் எதிரே அமர்ந்திருந்தனர். எதிரியின் முகம் தெரிந்தது.

கடையும் விளையாட்டும் இவ்வாறிருக்க, கல்லூரிச் சமூகத்தார்க்கு நெருங்கிய கேள்வி மொழியைப் பற்றியது. ஊடாட்டம் உரையாடலாயின், அஃது எம்மொழியில் நிகழ்கின்றது? தமிழ் எழுத்து 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே ‘யூனிக்கோட்’ என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் இடம்பெற்றது. 128 இடங்கள் கொண்ட பகுதி அதற்கு ஒதுக்கப்பட்டது. ஆயினும் இலங்கையில் நெடுங்காலம் ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களே அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் ஆட்சி செலுத்தின. அவற்றின் இயல்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். பாமினியில் எழுதிய தமிழ், திரையிலும் தாளிலும் தமிழாகவே காட்சி தரும். கணினியின் உள்ளேயோ இருப்பவை ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமே. அவற்றுக்குத் தமிழ் முகமூடி அணிவிக்கப்பட்டுளது. கண்ணுக்கு இதனாற் குறைவில்லை. ஆனால் ‘அம்மா’ என்று தேடினால் கணினி அச்சொல்லைக் காணாது. அகரவரிசைப்படுத்தச் சொன்னால் ஆங்கில வரிசையில் அடுக்கும். உரக்க வாசிக்கச் சொன்னால் உளறும். காட்டுதற்கு உதவிய தமிழ் வினவுதற்கு உதவவில்லை.

இவ்வேறுபாடு பழைய நூல்களிலும் காணக்கிடக்கின்றது. 2005இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் இணையத் தொகுப்பு, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சிறப்பு மலர்களையும் படியெடுத்து எவரும் பெறும் வண்ணம் வைத்துளது. போரினாலும் கடல்கோளினாலும் ஏடுகள் அழிந்த நாட்டில் இதன் அருமை சொல்லிமுடியாது. ஆயின் படமாக எடுக்கப்பட்ட பக்கம் கண்ணுக்குரியதேயன்றி வினாவுக்குரியதன்று. அப்படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறிந்து யூனிக்கோட்டாக மாற்றினாலன்றி, ஒரு மாணவன் ‘கொட்டியாரம்’ என்னும் சொல் எந்தெந்த இதழில் வருகின்றது எனக் கேட்டு விடைபெற இயலாது. தேய்ந்த ஈய அச்சும் மங்கிய மையும் பழைய எழுத்து வடிவமும் அப்பணியைக் கடினமாக்குகின்றன. கணினி பிரித்தறிந்ததை மனிதக் கண் ஒப்புநோக்கித் திருத்தல் வேண்டும். கல்லூரி மாணவர் செய்யத்தக்க பணி இது.

கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் பாடங்களை வழங்குகின்றது. தக்சலாவ என்பது பண்டைத் தட்சசீலத்தின் பெயர். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொள்ளைநோயாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது இத்தகைய தளங்களின் தேவை எல்லார்க்கும் தெரியவந்தது. அக்காலத்தில் இணையவழிக் கற்பித்தல் என்ற பெயரில் நடந்தவற்றுட் பெரும்பகுதி, கரும்பலகையைப் படம் பிடித்து அனுப்பியதே என்பதை ஆசிரியர் பலரும் மறுக்கார். அஃது அக்காலத்துக்கேற்ற உதவியே. எனினும், ஒரு வேதியியற் பாடத்தில் அமிலத்தைத் துளித்துளியாக விட்டு நிறம் மாறும் கணத்தைத் தானே கண்டுபிடிக்கும் மாணவனுக்கும், அது மாறுவதை இயங்குபடத்திற் பார்க்கும் மாணவனுக்கும் உள்ள தூரம் பெரிது. முன்னவன் ஒரு துளி மிகுதியாக விட்டுக் கெடுக்கும் உரிமையுடையவன். கெடுத்தவன் மறுமுறை எண்ணிவிடுவான். ஆய்வுகூட வசதி குன்றிய கிராமப் பாடசாலைக்கு இத்தகைய செயலி உண்மையான துணையாகும். ஆயின் படம் எடுத்து ஏற்றுவதிலும் இதனை ஆக்குதல் பன்மடங்கு உழைப்பை வேண்டுவது. மாணவன் செய்யக்கூடிய பிழைகளையெல்லாம் முன்னரே எண்ணி, ஒவ்வொன்றுக்கும் தக்க மறுமொழியை அமைத்தல் வேண்டும். அனுபவமிக்க ஆசிரியரின்றிக் கணினி வல்லுநர் மட்டும் அதனைச் செய்ய இயலாது.

எழுத்தினும் குரல் இலகுவானது. 2017ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனம் தன் குரல்வழி எழுதும் வசதியிற் தமிழையும் சேர்த்தது. விசைப்பலகையை அறியாத முதியோர்க்கும் இதனால் வாயில் திறந்தது. பேச்சை எழுத்தாக்கும் கருவி, முன்னர்ப் பதிந்துவைத்த ஏராளமான குரல்களைக் கேட்டுப் பயின்றது. எவரெவர் பேச்சைக் கேட்டுப் பயின்றதோ அவரவர் பேச்சையே அது நன்கு அறியும். மூதூர், தோப்பூர்ப் பகுதியில் வயற்பரப்பை ‘வட்டை’ என்பர். நீர்ப்பாய்ச்சலை மேற்பார்ப்பவரை ‘வட்டவிதானை’ என்பர். நிலமுடைய பெரியவர் ‘போடியார்’. சென்னைப் பேச்சில் இச்சொற்கள் வழங்குவதில்லை. கீழ்க்கரைத் தமிழரும் முஸ்லிங்களும் பேசும் வழக்கு, அதன் இழுப்போடும் ஓசையோடும் போதிய அளவு பதியப்படுமாயின், வட்டைக்குத் தண்ணீர் எப்போது திறப்பர் என்று கேட்கும் உழவர் தம் சொல்லை மாற்றிக்கொள்ளாமலே விடை பெறக் கூடும். அதற்கு வேண்டியவை ஒரு பதிவுக் கருவியும், பொறுமையுள்ள மாணவர் சிலரும், வாயாரப் பேசச் சம்மதிக்கும் முதியோருமே.